மின்சிகரெட் காயில் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் காயில் என்ற கம்பிச்சுருளைக் கையால் சுற்றி, திரவத்தை உறிஞ்சிக்கொடுக்கும் பஞ்சு வைத்து, நாமே பொருத்திக்கொள்ளும் வகை மின்சிகரெட்டைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தக் காயிலைச் சுத்தம் செய்வதற்கென்றே அல்ட்ராசோனிக் கிளீனர் என்று கடைகளில் விற்கப்படும் சிறு மீயொலித் தொட்டி ஒன்றை 38 பவுண்டு கொடுத்து வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது அதை ஓட்டி, ஆறு மாதம் கழிந்த பிறகு எழுதும் மதிப்புரை இது. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே உடலும் ஒரே பொத்தான்களும் கொண்ட தொட்டி வெவ்வேறு பெயர் ஒட்டப்பட்டுப் பல கடைகளில் கிடைப்பதால், 600 மில்லிலிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, 40 கிலோஹெர்ட்ஸ் அலை, வெப்பமூட்டி கிடையாது, அதிகபட்சம் எட்டு நிமிடம் ஓடும் என்று சொன்னாலே வாங்க நினைப்பவருக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வசிக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்துவிட்டு, அதிலிருந்து விடுபடுவதற்காக இதற்கு மாறியவன். பிரிட்டனில் வயது வந்தவர்கள் இக்கருவியை வாங்கிப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது அனைத்தும் தடை செய்யப்பட்டுள்ளன; சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது நான் இதில் ஒரு திருகாணியைக்கூடப் பெட்டியில் வைப்பதில்லை. புகைக்கும் பழக்கமே இல்லாத ஒருவர் இதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பதே என் விருப்பம்.

2025 ஜூன் 1 முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. அதன் பிறகு, மீண்டும் நிரப்பிக்கொள்ளும் கருவிகளுக்கு மாறிய நண்பர்கள் சிலர், காயிலைத் தாங்களே சுற்றவும் கழுவவும் கற்றுக்கொள்ள என்னிடம் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கம்பி வாங்குவதற்கு முன்பே இந்தத் தொட்டியை வாங்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், காயிலில் படிவது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்சிகரெட் திரவத்தின் பெரும்பகுதி வெஜிடபிள் கிளிசரினும் புரொப்பலீன் கிளைக்காலும்தான். அவை ஆவியாகிப் போய்விடும். ஆவியாகாமல் கம்பியிலேயே தங்கிவிடுவது இனிப்பும் மணப்பொருளில் ஒரு பகுதியும். இனிப்புச் சுவைத் திரவங்கள் பலவற்றில் சுக்ரலோஸ் சேர்க்கப்படுகிறது. அது சூட்டில் ஆவியாவதில்லை, சிதைந்து கரியாகிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் தவறினால் பாத்திரத்தின் அடியில் முதலில் பழுப்பாகப் பிடித்து, பிறகு கறுத்து, கடைசியில் கல்லாக இறுகிப்போகுமே, அதே மூன்று நிலைகளையும் காயிலில் காணலாம். பழுப்பு நிலையில் இருப்பது வெந்நீரிலேயே கரைந்துவிடும். கறுத்த பிறகு ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். கல்லாகிவிட்டால் சூடேற்றி எரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே ஒரு கழுவும் கருவியை மதிப்பிடுகையில், அழுக்கு எந்த நிலையில் இருக்கும்போது அதை அங்கே கொண்டுபோனோம் என்பது கருவியின் தரத்துக்குச் சமமான அளவு முடிவைத் தீர்மானிக்கிறது.

தொட்டி வேலை செய்யும் விதம் எளிமையானது. அடித்தட்டில் ஒட்டியிருக்கும் ஓர் அதிர்வி, நீரை நொடிக்கு 40,000 முறை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. குமிழி உடையும் இடத்தில் எழும் சிறு அடி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பெயர்க்கிறது. தூரிகையின் இழை நுழைய முடியாத இடுக்கிலும் நீர் நுழையும் என்பதால் அங்கேயும் இந்த அடி விழும். நகைக்கடைகளில் நகைகளையும் பல் மருத்துவமனைகளில் கருவிகளையும் இதே தத்துவத்தில்தான் கழுவுகிறார்கள்.

என் மனைவியின் தம்பி இங்கே ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவர்கள் குடும்பமே கும்பகோணத்தில் பத்தர் குடும்பம். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் தூரிகையால் தேய்த்து நகை அலம்புவதைப் பார்த்தே வளர்ந்தவன். தொட்டி வந்த அன்று மாலை அவனை வரச்சொல்லிக் காட்டினேன். அவன் அலமாரியிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, ஓடிக்கொண்டிருந்த நீரில் செங்குத்தாகப் பிடித்தான். ஒரு நிமிடம் கழித்து வெளியே எடுத்து விளக்குக்கு நேராகக் காட்டியபோது, தாளின் நடுப்பகுதி முழுவதும் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் விழுந்திருந்தன; இரண்டு ஓரங்களிலும் வெறும் சுருக்கம் மட்டுமே இருந்தது.

“நடுவுலதான் மாமா வேலை நடக்குது. ஓரத்துல வெச்சீங்கன்னா சும்மா தண்ணியில ஊறும், அவ்வளவுதான்” என்றான்.

அந்த ஒரு நிமிடச் சோதனை, கருவியோடு வந்த கையேட்டின் எட்டுப் பக்கங்களைவிட எனக்குப் பயன்பட்டது. இத்தகைய தொட்டியை எவர் வாங்கினாலும் முதல் நாளே அலுமினியத் தாளைப் பிடித்துப் பார்த்து, எங்கே அலை வலுவாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. கூடவே தரப்படும் பிளாஸ்டிக் கூடையை அவன் அன்றே ஒதுக்கிவைத்துவிட்டான். பிளாஸ்டிக் அலையை உறிஞ்சிக்கொள்ளும்; கம்பி வலைக் கூடை அப்படிச் செய்யாது. காயில் போன்ற சிறு பொருளுக்கு அதுவும் தேவையில்லை. ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் விட்டு, காயிலை அதில் போட்டு, குவளையைத் தொட்டி நீரின் நடுவே நிற்க வைத்தால் போதும். அலை கண்ணாடியைக் கடந்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியது குவளையின் நீர் மட்டுமே. வெளியேறும் அழுக்கு எவ்வளவு என்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இனி சோதனைக்கு வருகிறேன். மூன்று வகைக் காயில்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது, 28 கேஜ் தடிமனுள்ள, காந்தல் (Kanthal) ஏ1 என்ற உலோகக் கலவைக் கம்பியை 2.5 மி.மீ. தடியில் ஆறு சுற்றுச் சுற்றிய சாதாரணக் காயில், மின்தடை 1.1 ஓம். இரண்டாவது, எஸ்.எஸ். 316 எல் எனப்படும் துருப்பிடிக்காத எஃகில், அதே கேஜில், அதே தடியில் ஏழு சுற்று, 0.64 ஓம். மூன்றாவது, நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோம் 80 கம்பியில், கடையில் சுற்றியே விற்கப்படும் கிளாப்டன், 0.4 ஓம். கிளாப்டன் என்றால், வீணையின் மந்தரத் தந்தியில் இருப்பதைப் போல, உள்கம்பியின்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயர் இதற்கு வந்ததும் அந்தத் தந்தி ஒற்றுமையால்தான். மூன்றிலும் ஒரே கஸ்டர்ட் சுவைத் திரவத்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி வீதம் பயன்படுத்தினேன். இங்கே நிக்கோட்டின் கலந்த திரவத்தை 10 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியில் விற்கக் கூடாது என்பது சட்டம். எனவே ஒரு குப்பி என்பது வசதியான அளவுகோலாக அமைந்தது.

சாதாரணக் காந்தல் காயிலைப் பொறுத்தவரை முடிவு தொட்டிக்குச் சாதகமாக இல்லை. பஞ்சை எடுத்துவிட்டு அப்படியே எட்டு நிமிடம் தொட்டியில் ஓட்டியபோது பழுப்புப் பகுதி கழன்று, குவளை நீர் நீர்த்த டீயின் நிறத்துக்கு வந்தது. ஆனால் சுற்றுகளின் உட்புறத்தில் கறுப்பு அப்படியே நின்றது. அடுத்த குப்பி முடிந்ததும் தொட்டியைத் தொடாமல், கொதித்து ஆறிய வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் வெளியிலும், பல்லிடுக்குத் தூரிகையால் உள்ளேயும் தேய்த்தேன். தொட்டி எடுத்ததைவிட அதிகமாகவே அது எடுத்தது. ஊறவைத்து, பிறகு தொட்டியிலும் ஓட்டியபோது கிடைத்த பலன், ஊறவைத்துத் தேய்த்ததைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். உருண்டைக் கம்பியில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் குறைவு என்பதே காரணம்.

எஃகுக் காயிலும் ஏறக்குறைய இதே கதை. ஒரு வேறுபாடு மட்டும் குறிப்பிட வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் எஃகைப் பயன்படுத்துவோருக்கு, காயில் ஆறிய நிலையில் அதன் ஓம் அளவு மாறாமல் இருப்பது முக்கியம். சூடாகும்போது அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்தே கருவி வெப்பத்தைக் கணிக்கிறது. தொட்டியில் ஆறு முறை கழுவிய பிறகும் 0.64 அப்படியே இருந்தது. அடிக்கடி சிவக்கச் சூடேற்றிச் சுத்தம் செய்தபோது எனக்கு இந்த நிலைத்தன்மை கிடைத்ததில்லை.

கிளாப்டனில்தான் தொட்டி தன் விலைக்கு நியாயம் செய்தது. முதல் எட்டு நிமிடம் முடிந்து குவளையை உயர்த்திப் பார்த்தபோது, மெல்லிய கம்பிச் சுற்றுகளின் இடுக்கிலிருந்து பழுப்பு நூல் போல அழுக்கு இழையிழையாக இறங்கிக் குவளையின் அடியில் படிந்துகொண்டிருந்தது. நீரை மாற்றி இரண்டாவது முறை ஓட்டினேன், நூல் மெலிந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகே நீர் தெளிவாக நின்றது. அதே காயிலை அதற்கு முன் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்து, சுத்தமாகிவிட்டது என்று நம்பித்தான் தொட்டியில் போட்டேன் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அந்த இடுக்கு அழுக்கின்மேலேயே புதுப் பஞ்சை வைத்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி, இந்தத் தொட்டியின் விளம்பரங்கள் வாங்குபவரைத் தவறான திசையில் கொண்டுபோகும் ஒரு விஷயம். விளம்பரப் படங்களில் கழுவிய காயில் புத்தம் புதிய கம்பியாகப் பளபளக்கிறது. அப்படிப் பளபளக்கவில்லை என்று கவலைப்பட்டு, பித்தளைத் தூரிகையால் காயிலைச் சுரண்டிய நண்பரை எனக்குத் தெரியும். முதல் ஆண்டில் நானும் அதையே செய்தேன். காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. ஸ்வீடனில் ஹால்ஸ்தஹம்மர் என்ற ஊரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ என்பவர் மின்னடுப்புகளுக்காக உருவாக்கிய கம்பி இது. அவர் குடும்பப் பெயரின் முற்பாதியும் ஊர்ப் பெயரின் எழுத்துகளும் சேர்ந்ததே காந்தல் என்ற பெயர். அதைச் சூடேற்றியதும் அதிலுள்ள அலுமினியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் சாம்பல் நிறப் படலமாகிறது. அலுமினிய ஆக்சைடான அந்தப் படலமே கம்பியைக் காக்கும் கவசம். நிக்ரோமில் அதே வேலையைக் குரோமிய ஆக்சைடு செய்கிறது. சாம்பல் நிறத்தை அழுக்கு என்று எண்ணி உலோகத் தூரிகையால் உரிப்பவர், கம்பியைப் பாதுகாப்பதை எடுத்துவிட்டு மேற்பரப்பையும் கீறிவிடுகிறார். அழுக்கு தடிமனாக, திட்டுத்திட்டாக, விரல் நகத்தால் தொட்டால் உதிர்வதாக இருக்கும்; படலம் சீராக, மங்கலாக, எதற்கும் அசையாததாக இருக்கும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டால் கழுவும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். தொட்டியின் பெருமையாக நான் கருதுவது, அது இந்தப் படலத்தைத் தொடுவதில்லை என்பதே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உடல்நலமும் ஒரு காரணம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாள்தோறும் மின்சிகரெட் பயன்படுத்தும் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குப்பியில் இருந்த திரவத்தைவிட, வெப்பக் காயிலைத் தொட்டுவந்த திரவத்திலும் ஆவியிலும் நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் மிகுதியாக இருந்ததைக் கண்டார்கள். பஞ்சில்லாத காயிலைச் சிவக்கச் சூடேற்றி அழுக்கை எரிக்கும் டிரை பர்ன் முறையைத் தவிர்க்குமாறு, இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் 2015இலேயே எச்சரித்திருக்கிறார். சிவக்கும் சூடு உலோகத்தின் கட்டமைப்பை மாற்றிவிடும் என்பது அவர் கவலை. காந்தலையோ எஃகையோ ஒரு முறைகூடச் சூடேற்றாமல் காலம் தள்ளுவது நடைமுறையில் கடினம். சுற்றிய காயில் நடுவிலிருந்து ஓரம் வரை சீராகச் சூடாகிறதா என்று பார்ப்பதற்கே குறைந்த சூட்டில் ஒரு முறை இயக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாரம் இருமுறை செக்கச்சிவக்க எரிப்பதற்கும், மாதம் ஒரு முறை மங்கிய சிவப்பு தோன்றுமுன் நிறுத்துவதற்கும் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத்தான் தொட்டி எனக்கு வாங்கித் தந்தது. தூய நிக்கல் கம்பியையும் டைட்டேனியக் கம்பியையும் டிரை பர்ன் செய்யவே கூடாது. அவற்றைப் பயன்படுத்துவோருக்கு ஊறலும் தொட்டியும் மட்டுமே வழி.

நான் இப்போது செய்யும் முறை இது. பஞ்சு மாற்றும் நாளில் பழைய பஞ்சை எடுத்துவிட்டு, காயிலும் அதைத் திருகாணியால் பொருத்தும் டெக் என்ற மேடையும் சேர்ந்த பகுதியைப் பேட்டரிக் கருவியிலிருந்து கழற்றி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். பிறகு அதைக் கண்ணாடிக் குவளையில் வைத்து எட்டு நிமிடம். கிளாப்டனாக இருந்தால் நீரை மாற்றி இன்னொரு எட்டு நிமிடம். தொட்டியில் ஊற்றும் நீர் 50 முதல் 60 டிகிரி வரை இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. புதிதாகப் பிடித்த குழாய் நீரில் காற்று கரைந்திருக்கும். அது அலையின் வலுவை விழுங்கிவிடும் என்பதால், காயிலைப் போடுமுன் வெறும் நீரை ஐந்து நிமிடம் ஓட்டவேண்டும் என்று மைத்துனன் சொல்லிக்கொடுத்தான். எடுத்த பிறகு நன்றாக அலசி, உதறி, ஒரு மணி நேரமாவது உலரவிட்டு, பிறகே கருவியில் பொருத்துகிறேன். பொருத்தியதும் 10 வாட்டில் ஒரு நொடி, விட்டு ஒரு நொடி என்று இரண்டு மூன்று முறை அழுத்தினால் மீதி ஈரமும் போய்விடும். சூடான காயிலை அப்படியே நீரில் அமிழ்த்திச் சுர்ரென்ற சத்தம் கேட்பதைச் சிலர் சுத்தம் செய்யும் முறையாகவே வைத்திருக்கிறார்கள். அந்தத் திடீர் அதிர்ச்சி கம்பிக்கு நல்லதல்ல. நீர் டெக் வழியாகக் கருவிக்குள்ளும் இறங்கிவிடும்.

கடைசிக் கட்டத்தில் ஓம் அளவைப் பார்க்காமல் பஞ்சு வைக்கக் கூடாது என்பதை ஒரு சிறு விபத்திலிருந்து கற்றுக்கொண்டேன். இரண்டாவது மாதம், டெக்கோடு சேர்த்துக் கழுவி எடுத்த காயில் 1.1 காட்ட வேண்டிய இடத்தில் 1.4 காட்டியது; அழுத்திப் பிடித்தபோது எண் ஏறி இறங்கியது. கம்பி அறுந்துவிட்டதோ என்று உருப்பெருக்கியால் பார்த்தேன், கம்பியில் குறையில்லை. காயிலின் காலைப் பிடித்திருக்கும் திருகாணிதான் தளர்ந்திருந்தது. மைத்துனனிடம் சொன்னபோது, கல் பதித்த நகையை இதில் போடுமுன் ஒவ்வொரு கல்லையும் அசைத்துப் பார்ப்பது பட்டறை வழக்கம் என்றும், பிடிப்பு சற்றுத் தளர்வாக இருந்தாலும் அதிர்வில் கல் கழன்று அடியில் கிடக்கும் என்றும் விளக்கினான். அன்றிலிருந்து ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் இரண்டு திருகாணிகளையும் மெல்ல இறுக்கிவிட்டே எண்ணைப் பார்க்கிறேன். முன்னிருந்த அளவிலிருந்து 0.03 ஓமுக்கு மேல் விலகினால் அந்தக் காயிலை நான் பயன்படுத்துவதில்லை. சூடேற்றியபடியே சுற்றுகளைச் சரிசெய்ய எஃகு இடுக்கியைப் பயன்படுத்தவே கூடாது. இரண்டு சுற்றுகள் உலோகத்தால் இணைந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். செராமிக் முனை இடுக்கி மலிவாகவே கிடைக்கிறது.

காயிலைவிட்டு மற்ற பாகங்களுக்கு வந்தால், தொட்டிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். காற்றுத் துளைகள், திருகு மரைகள், வாய்முனை ஆகியவற்றில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்த பிசுக்கு ஒரே முறையில் போனது. ரப்பர் வளையங்களை முதலில் கழற்றித் தனியே வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். மின்சிகரெட்டில் திரவம் நிரப்பும் டேங்கின் கண்ணாடிக் குழாயை மற்ற உலோகப் பாகங்களோடு ஒன்றாகப் போட்டால் உரசிக் கீறல் விழும்; அதையும் தனியாகவே போடுகிறேன்.

லண்டனுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. இங்கே குழாய் நீர் கடின நீர். கெட்டிலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதை எல்லா வீட்டிலும் காணலாம். அதே நீரில் காயிலைக் கழுவி உலரவிட்டால், கரிக்குப் பதிலாக வெண்புள்ளிகள் தங்கிவிடுகின்றன. முதல் சில வாரங்கள் அதைச் சோப்பு மிச்சம் என்று எண்ணி மீண்டும் மீண்டும் அலசிக்கொண்டிருந்தேன். இப்போது கடைசி அலசலுக்கு மட்டும், கார் உதிரிபாகக் கடைகளில் பேட்டரிக்கென்று விற்கும் அயனி நீக்கிய நீரைப் பயன்படுத்துகிறேன், வெண்புள்ளி வருவதில்லை.

கருவியின் குறைகளை மறைக்காமல் சொல்கிறேன். வெப்பமூட்டி இல்லாததால் ஊற்றிய வெந்நீர் இரண்டாவது சுற்றிலேயே ஆறத் தொடங்கிவிடுகிறது. நீரை வடிக்கக் குழாய் கிடையாது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு முழுக் கருவியையும் தூக்கிச் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்க்கும்போது நீர் பொத்தான்கள் இருக்கும் பக்கம் வழிகிறது. மூடியின் கீல் நான்காவது மாதமே தளர்ந்துவிட்டது. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஓட்டினால் அடிப்பகுதி தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கையேட்டில் ஆல்கஹாலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததே. மின்சிகரெட் பாகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கும் வழக்கம் பரவலாக உள்ள நிலையில், அதையே இந்தத் தொட்டியில் ஊற்றத் தோன்றுவது இயல்பு. தொட்டி ஓடும்போது நீர்மம் சூடாகும், ஆவி எழும், பக்கத்திலேயே மின்சுற்று இருக்கிறது. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் அச்சிட வேண்டிய எச்சரிக்கை அது. இதில் ஊற்ற வேண்டியது நீரும் ஒரு சொட்டுச் சோப்புத் திரவமும் மட்டுமே. பேட்டரிக் கருவியை ஒருபோதும் இதன் அருகில் கொண்டுபோகக் கூடாது.

குவளையில் மிஞ்சும் பழுப்பு நீரில் நிக்கோட்டின் இருக்கும். நிக்கோட்டின் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறக் கூடியது. சமையல் பாத்திரங்களோடு இந்தக் குவளையைச் சேர்க்காமல், கையுறை அணிந்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தொட்டி சமையலறைக்குள் வருவதில்லை. சலவை இயந்திரத்துக்கு மேலே உயர்ந்த அலமாரியில் அதற்கென்று ஓரிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பணக்கணக்கு எளிது. 10 மீட்டர் காந்தல் கம்பியை நான் நாலரைப் பவுண்டுக்கு வாங்கினேன். ஒரு காயிலுக்கு ஏறத்தாழ 7 செ.மீ. கம்பி செலவாகிறது, ஆக ஒரு சுருளிலிருந்து 140 காயில்கள் வரும், ஒன்றின் விலை மூன்று பென்ஸைச் சற்றே தாண்டும். 38 பவுண்டுத் தொட்டியின் விலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் காயில்களைப் புதிதாகச் சுற்றிவிடலாம். சாதாரண உருண்டைக் கம்பி மட்டும் பயன்படுத்துகிறவர், காசை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் இத்தொட்டியை வாங்கினால் அந்தக் காசு திரும்பவே திரும்பாது. அவருக்கு வெந்நீரும் ஒரு பல்துலக்கியும் ஒரு பல்லிடுக்குத் தூரிகையும் போதும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அல்லது எவ்வளவு கழுவியும் ஓரிடம் மட்டும் முந்திச் சூடாகிறது என்று தெரிந்த அன்றே, காயிலை எறிந்துவிட்டுப் புதிது சுற்றிக்கொள்ளலாம். கிளாப்டன் போன்ற பின்னல் காயில்களைக் கடையில் வாங்குவோருக்கும், கையால் சுற்ற மணிக்கணக்கில் உழைப்போருக்கும் கணக்கு வேறு. கழுவாமல் இரண்டு வாரத்தில் சுவை கெட்டுவிடும் கிளாப்டன் ஒன்று, இந்தத் தொட்டியின் துணையோடு என்னிடம் பத்து வாரம் நன்றாக ஓடியது.

சுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கழுவிய கிளாப்டனில் புதுப் பஞ்சு வைத்து இழுக்கும் முதல் இழுப்பில் கஸ்டர்டின் மணம் தெளிவாகத் தெரிகிறது. அதைவிட முக்கியமானது, தொண்டையைக் கவ்வும் கரிந்த நெடி இல்லாமல் போனது. கரி மூடிய காயிலில் திரவம் சீராகப் பரவாது. திரவம் எட்டாத இடம் அளவுக்கு மீறிச் சூடாகும். அங்கே கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் உண்டாகும். வாணலியில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது மூக்கில் ஏறி இருமவைக்கும் நெடியிலும் இருப்பது அதே அக்ரோலீன்தான். அந்த நெடி ஒரு முறை வந்தாலும் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பஞ்சையும் காயிலையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். அந்தக் கையேட்டில் ஆல்கஹால் எச்சரிக்கை இருந்திருந்தால் நான்கு தந்திருப்பேன். கிளாப்டன் பயன்படுத்துகிறவர்கள் வாங்கலாம்; ஆனால் இதைவிடப் பதினைந்து இருபது பவுண்டு கூடுதலாகச் செலவழித்து, வெப்பமூட்டியும் வடிகுழாயும் உள்ள தொட்டியையே வாங்கட்டும். என்னுடைய அடுத்த தொட்டி அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.